பத்தாம் வகுப்பு வரலாறு: 1914 முதல் 1945 வரை நடத்தும்போது தேதியும் காரணமும் குழம்புகின்றன. என்ன செய்யலாம்?

உசிலை_சமூகஅறிவியல் கேட்டது:

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளி, பத்தாம் வகுப்பு, தமிழ் வழி, 42 பிள்ளைகள். பீரியட் 40 நிமிஷம். வருகைப் பதிவு, வீட்டுப்பாட நோட்டு எல்லாம் போக கையில் நிற்பது 34 நிமிஷம்தான்.

முதல் உலகப்போர், இரண்டு போர்களுக்கு நடுவில் உள்ள காலம், இரண்டாம் உலகப்போர், அதற்குப் பிந்தைய உலகம் என்று நாலு பாடம் வரிசையாக வருகிறது. ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டால் டக்கென்று சொல்கிறார்கள். "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் வகுப்பே ஜன்னலைப் பார்க்கிறது. விடைத்தாளில் வரும் குழப்பங்களில் சில: முதல் உலகப்போருக்குக் காரணம் ஹிட்லர், 1914இல் இருந்த கூட்டணி நேட்டோ, ரௌலட் சட்டமும் வெர்செயில்ஸ் உடன்படிக்கையும் 1919 என்பதால் இரண்டையும் ஒன்றாக்கி ஒரு பத்தி.

கேட்க நினைப்பது மூன்று. தேதி வரிசையை எப்படி நிற்க வைப்பது? சரயேவோ, வெர்செயில்ஸ் எல்லாம் பிள்ளைகளுக்கு வெறும் பெயர். மதுரையோடு எங்கே உருப்படியாகத் தொடுக்கலாம்? 1920இல் ரேகைச் சட்டத்தை மறுத்து துப்பாக்கிச் சூடு நடந்த பெருங்காமநல்லூர் பக்கத்திலேயே இருக்கிறது. அதைச் சாதிப் பேச்சாகிவிடாமல் எப்படி நடத்துவது? ஸ்மார்ட் போர்டை நம்பி யோசனை சொல்ல வேண்டாம், கரண்ட் நிலவரம் உங்களுக்கே தெரியும்.

கருப்புப்பலகை:

டீச்சர், காலக்கோட்டைப் போர்டில் வரைந்தால் மணி அடித்ததும் கணக்கு சார் வந்து அழித்துவிடுவார். கயிறு கட்டுங்கள்.

துணி காயப் போடும் நைலான் கயிறு 6 மீட்டர். அதில் 5 மீட்டர் காலக்கோடு, மீதி முடிச்சுக்கு. ஒரு வருஷத்துக்கு 5 செ.மீ. வைத்தால் 1900 முதல் 2000 வரை ஒரே சுவரில் அடங்கும். 50 செ.மீ.க்கு ஒருமுறை சிவப்பு நூல் சுற்றினால் பத்து வருஷக் குறி. ஒரு எச்சரிக்கை: தரையில் வைத்து அளந்து குறி போட்டுவிட்டுப் பிறகு கட்டாதீர்கள். நைலான் இழுத்தால் நீளும், 1947 போய் 1949இல் நிற்கும். இறுக்கிக் கட்டி, நடுவில் ஒரு ஆணி கொடுத்துத் தொய்வை எடுத்த பிறகு அளந்து குறி போடுங்கள். நடு ஆணி இல்லாவிட்டால் கிளிப் எல்லாம் வழுக்கி 1950க்கு வந்து சேர்ந்துவிடும்.

அட்டைக்கு மூன்று நிறம் போதும். உலகம் வெள்ளை, இந்தியா மஞ்சள், தமிழ்நாடு பச்சை. முன்பக்கம் வருஷமும் நாலு சொல்லும், அதற்கு மேல் எழுதவிடாதீர்கள். பின்பக்கம் பென்சிலில் ஒரே வரி: "இதற்கு முன் தொங்கும் எந்த அட்டையால் இது வந்தது?" பென்சில் என்று சொல்வது, பாடம் போகப் போக பிள்ளைகள் அதை மாற்றி எழுதுவார்கள் என்பதால்தான். நேட்டோ குழப்பத்துக்கு மருந்தும் இதிலேயே இருக்கிறது. 1914க்கும் நேட்டோ பிறந்த 1949க்கும் நடுவில் 1 மீட்டர் 75 செ.மீ. அந்தத் தூரத்தை ஒரு பிள்ளை நடந்துபோய் அட்டையை மாட்டட்டும். 1919இன் இரண்டு அட்டைகளும் ஒரே இடத்தில்தான் வரும்; ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிடுங்கள். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. தேதி ஒன்றாக இருந்தாலும் கதை வேறு என்று நிறமே சொல்லும்.

இது பெரிய கயிறு. முதல் உலகப்போருக்கு மட்டும் இன்னொரு சின்னக் கயிறு வேண்டும், பாடத்தின் உயிரே அதில்தான். 1914 ஜூன் 28 முதல் ஆகஸ்ட் 4 வரை 37 நாள். நாளுக்கு 10 செ.மீ. வைத்தால் 3 மீட்டர் 70. ஒன்பது அட்டை:

ஜூன் 28 சரயேவோ கொலை (ஆஸ்திரிய இளவரசரைச் செர்பிய தேசியவாதி சுட்டது): 0
ஜூலை 5 ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனியின் முழு ஆதரவு வாக்குறுதி: 70 செ.மீ.
ஜூலை 23 செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை, 48 மணி நேரக் கெடு: 2 மீ. 50
ஜூலை 25 செர்பியாவின் பதில்: 2 மீ. 70
ஜூலை 28 ஆஸ்திரியா போர் அறிவிப்பு: 3 மீ.
ஜூலை 30 ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவு: 3 மீ. 20
ஆகஸ்ட் 1 ரஷ்யா மீது ஜெர்மனி போர் அறிவிப்பு: 3 மீ. 40
ஆகஸ்ட் 3 பிரான்ஸ் மீது: 3 மீ. 60
ஆகஸ்ட் 4 ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள், பிரிட்டன் போரில்: 3 மீ. 70

ஏ4 அட்டையை அப்படியே மாட்டினால் ஒன்றை ஒன்று மறைக்கும். நீளவாக்கில் பாதியாக வெட்டினால் அகலம் 10.5 செ.மீ., சரியாக வரும். ஆகஸ்ட் 3ம் 4ம் லேசாக மேலே ஏறும். அன்றைக்கு நிலவரமும் அப்படித்தானே இருந்தது.

மாட்டி முடித்ததும் பேசாமல் நில்லுங்கள். முதல் இரண்டரை மீட்டரில் இரண்டே அட்டை, கடைசி ஒன்றேகால் மீட்டரில் ஏழு. "ஏன் டீச்சர் அங்கிட்டு காலியா கெடக்கு?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விதான் அன்றைய பாடம். ஒரு கொலை நடந்த உடனே போர் வரவில்லை, நடுவில் 25 நாள் இருந்தது. பிறகு இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, "எந்த அட்டையில் கை வைத்திருந்தால் போர் நின்றிருக்கும்? காரணம் ஒரு வரி" என்று எழுதச் சொல்லுங்கள். ஒரே சரியான விடை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் விடை எழுதுவார்கள்.

ராணுவவாதம், கூட்டணி, தேசியவாதம், ஏகாதிபத்தியம் என்ற பட்டியல் இதற்குப் பிறகுதான் வர வேண்டும். கூட்டணி எந்த அட்டையில் தெரிகிறது? ஜூலை 5. ராணுவவாதம்? ஜூலை 30. தேசியவாதம்? முதல் அட்டையே. ஏகாதிபத்தியத்தைத் தேடினால் சின்னக் கயிற்றில் கிடைக்காது. பெரிய கயிற்றில் 1905, 1911 மொராக்கோ நெருக்கடிகளுக்குப் போக வேண்டும். நீண்ட காலக் காரணம், உடனடிக் காரணம் என்ற வேறுபாட்டை இப்படிக் கயிறு மாறிப் போய்த் தேடினால்தான் புரிந்துகொள்கிறார்கள்.

34 நிமிஷக் கணக்கு: அட்டை கொடுக்க 4, மாட்ட 10, பார்த்துப் பேச 12, எழுத 8. மாட்டும்போது 42 பேரும் எழுந்தால் சந்தைதான். ஒன்பது பேர் மட்டும் எழட்டும். மீதிப் பேர் நோட்டில் ஒரு நாளுக்கு அரை செ.மீ. வைத்து அதே கோட்டைப் போடட்டும். 18.5 செ.மீ., ஒரு பக்கத்தில் அடங்கும்.

பைசா_கணக்கு:

கயிறு நல்ல யோசனை. ஆனால் இரண்டாவது பாடத்துக்கு அது போதாது, அங்கே பட்டை விளக்கப்படம் வேண்டும். ஹிட்லர் எப்படி வந்தார் என்ற இடத்தில் பலரும் ஒரு தப்பைச் செய்கிறோம். தள்ளுவண்டியில் பணக்கட்டு கொண்டுபோகும் படத்தைக் காட்டிவிட்டு, அடுத்த நிமிஷம் ஹிட்லர் படத்தைக் காட்டுகிறோம். பணவீக்கத்தால் ஹிட்லர் வந்தார் என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். நடுவில் பத்து வருஷம் காணாமல் போகிறது.

போர்டில் ஒரு சதவீதத்துக்கு 2 செ.மீ. உயரம் வைத்துப் பட்டை வரையுங்கள். ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தல்களில் நாஜிகள் பக்கம் விழுந்த வாக்கு: 1924 மே 6.5, 1924 டிசம்பர் 3.0, 1928இல் 2.6, 1930இல் 18.3, 1932 ஜூலை 37.3, 1932 நவம்பர் 33.1. மிகப் பெரிய பட்டை 75 செ.மீ. வரும், போர்டில் இடம் இருக்கும். 1928இன் பட்டை ஒரு சாக்பீஸ் நீளம்கூட வராது.

இப்போது இரண்டு அட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஒன்று "1923 நவம்பர், ஒரு டாலர் = 4.2 லட்சம் கோடி மார்க்". இன்னொன்று "1929 அக்டோபர், நியூயார்க் பங்குச்சந்தைச் சரிவு". எதை எங்கே ஒட்டுவது, எதற்குப் பிறகு பட்டை ஏறுகிறது? பணவீக்கம் அடங்கிய பிறகு பட்டை இறங்குவதை அவர்களே பார்ப்பார்கள். 1929க்குப் பிறகு ஏன் ஏறியது என்பதை அதன்பின் நீங்கள் சொல்லுங்கள்: 1924 முதல் ஜெர்மனி நின்றது அமெரிக்கக் கடனில், சரிவு வந்ததும் கடன் கொடுத்தவர்கள் பணத்தைத் திரும்ப எடுத்தார்கள், ஆலை மூடியது, 1932 தொடக்கத்தில் வேலையில்லாதோர் 60 லட்சத்தைத் தொட்டார்கள். அதற்காகப் பணவீக்கத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. சேமிப்பு முழுக்கக் கரைந்துபோன நடுத்தரக் குடும்பங்களுக்குக் குடியரசின் மேல் இருந்த நம்பிக்கையும் அப்போதே கரைந்தது. இரண்டாவது அடி விழுந்தபோது தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க், 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். போர்டில் 4.2 என்று எழுதி, புள்ளியை ஒவ்வொரு இடமாக 12 தடவை நகர்த்தச் சொல்லுங்கள். கணக்கு சாருக்கும் சந்தோஷம்.

இன்னொரு கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். 1932 நவம்பரில் பட்டை இறங்குகிறது. இறங்கிய கட்சியின் தலைவர் 1933 ஜனவரி 30 அன்று எப்படிச் சான்சலர் (பிரதமர் போன்ற பதவி) ஆனார்? மக்கள் பெரும்பான்மை கொடுத்து அல்ல. குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் நியமித்தார். சுற்றியிருந்த பழமைவாதிகள் ஹிட்லரைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள், கணக்கு தப்பியது. குடிமையியல் பாடத்தில் வரும் "பெரும்பான்மை", "நியமனம்" என்ற சொற்களை இங்கே ஒருமுறை தொட்டுவிட்டுப் போகலாம்.

மாசிவீதி:

மதுரையோடு தொடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உள்ளூர்ச் செய்தியை ஊறுகாய் மாதிரி இலை ஓரத்தில் வைக்காதீர்கள். அதை வைத்து ஒரு கேள்விக்காவது விடை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாம்.

எம்டன் எல்லாருக்கும் தெரிந்த சொல். "அவன் சரியான எம்டன்" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் அது. சுமார் 130 குண்டு. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை முடித்தது. கேட்க வேண்டியது: கோட்டையை விட்டுவிட்டு எண்ணெய்த் தொட்டியை ஏன் குறிவைத்தான்? ஐரோப்பியச் சண்டைக்கு வங்காள விரிகுடாவில் என்ன வேலை? காலனி, கடல் வணிகம், எரிபொருள் மூன்றும் அந்த ஒரு கேள்வியில் வந்துவிடும்.

ஆனால் எம்டனைப் பாடத்தின் தொடக்கத்தில் சொன்னால் ஆபத்து. போரே சென்னையில் குண்டு விழுந்ததால்தான் தொடங்கியது என்று நாலு பேர் எழுதுவார்கள். கருப்புப்பலகை சார் சொன்ன சின்னக் கயிற்றையே பயன்படுத்துங்கள். ஆகஸ்ட் 4க்கும் செப்டம்பர் 22க்கும் நடுவில் 49 நாள். அதே அளவில் இன்னும் 4 மீட்டர் 90, வகுப்பறை வாசலைத் தாண்டி வராண்டாவில் போய் விழும். எம்டன் அட்டையை அங்கே வராண்டாத் தூணில் கட்டுங்கள். காரணம் உள்ளே, விளைவு வெளியே.

அதே செப்டம்பர் 22, ஏழு வருஷம் கழித்து 1921: மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி அரையாடைக்கு மாறிய நாள். தேதி நினைவுக்கு இது ஒரு வசதி, அவ்வளவுதான். பாடத்துக்கு வேண்டியது வேறு. மதுரை ஏழைகளைப் பார்த்தார், மனம் மாறினார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அவருடைய அப்போதைய எழுத்தைப் பார்த்தால் காரணம் அடுக்கடுக்காக இருக்கிறது: வங்காளத்தின் குல்னா பஞ்சத்தின்போது, ஜனங்கள் துணியில்லாமல் சாகும்போது இவர் அந்நியத் துணியை எரிக்கிறாரே என்று எழுந்த ஏச்சு; அந்த மாதம் வால்டேரில் (இன்றைய விசாகப்பட்டினம்) கிலாபத் தலைவர் முகமது அலி கைதானது; கதர் வாங்கக் காசில்லை என்று ஜனங்கள் சொன்னது. தொடக்கத்தில் அறிவித்ததும் அக்டோபர் 31 வரை என்றுதான். வாழ்நாள் முழுக்க என்பது பிறகு ஆனது. நாலு அட்டையில் இந்தக் காரணங்களை எழுதிக் கொடுத்து, எது விறகு, எது தீக்குச்சி என்று பிரிக்கச் சொல்லுங்கள். சரயேவோவுக்குச் செய்த அதே வேலைதான்.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது, 1939. ஜூலை முதல் அக்டோபர் வரை நாலு மாதத்துக்கு ஒரு கயிறு. நாளுக்கு 4 செ.மீ. ஜூலை 8இல் தொடங்குங்கள்: அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்த நாள், கக்கனும் உடன் போனவர். 60 செ.மீ. தள்ளி ஜூலை 23: ஹிட்லருக்குக் காந்தி எழுதிய கடிதம். 2 மீட்டர் 20இல் செப்டம்பர் 1, போலந்து. செப்டம்பர் 3, இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் அறிவித்தது. இங்கே யாரையும் கேட்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே அட்டையில் எழுதுங்கள், தனித்தனியாக மாட்ட இடம் இல்லை. அக்டோபர் கடைசியில் ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா. கோயில் நுழைவு ஒரு பாடத்தில், போலந்து ஒரு பாடத்தில், அமைச்சரவை ராஜினாமா இன்னொரு பாடத்தில் கிடப்பதால் மூன்றும் ஒரே கோடைக்குப் பின் வந்தவை என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவதே இல்லை. கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்த அரசு, சில மாதங்களில் போர் காரணமாகப் பதவியை விட்டது என்பது இந்தக் கயிற்றில்தான் கண்ணில் படும்.

அந்தக் கடிதத்தின் பிரதி தமுக்கம் பக்கத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே அழைத்துப் போனால் எல்லா அறையையும் சுற்றிக் காட்ட வேண்டாம். 42 பேரை ஆறு குழுவாகப் பிரியுங்கள், குழுவுக்கு ஒரு பொருள், ஒரு தாள், ஐந்து கேள்வி: யார் எழுதியது அல்லது யாருடையது, என்ன தேதி, யாருக்காக, இதிலிருந்து உறுதியாகத் தெரிவது என்ன, இதை வைத்துச் சொல்ல முடியாதது என்ன. கடைசிக் கேள்விக்குத்தான் நேரம் கொடுங்கள். அரங்கு முழுக்கப் படங்களும் எழுத்தும் வரிசையாக இருப்பதால், சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் எல்லாவற்றையும் நோட்டில் பார்த்து எழுதியே நேரத்தை முடித்துவிடுவார்கள்.

"ஹிட்லரை நண்பர் என்று கூப்பிட்டவர் காந்தி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்தக் கடிதத்தின் முதல் வரியைத்தான். தடுக்காதீர்கள், வகுப்பிலேயே எடுத்துவையுங்கள். கடிதம் கேட்பது போரைத் தவிர்க்கச் சொல்லி. அது ஹிட்லர் கைக்குப் போகவில்லை. எழுதி 40ஆவது நாள் போர் தொடங்கியது. 1940 டிசம்பரில் எழுதிய இரண்டாவது கடிதத்தில், தனக்கு எதிரி என்று யாரும் இல்லை, அதனால்தான் நண்பர் என்று விளிப்பது என்று அவரே விளக்கமும் சொல்கிறார். ஒரு வரியை மட்டும் கிள்ளி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

செக்கானூரணி_வழி:

பெருங்காமநல்லூர் பற்றி. சட்டத்திலிருந்து தொடங்குங்கள், சாதியிலிருந்து தொடங்காதீர்கள். இது பாதி சிக்கலைத் தீர்த்துவிடும்.

உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அது "ரேகைச் சட்டம்". புத்தகத்தில் குற்றப் பழங்குடிகள் சட்டம். இரண்டும் ஒன்றுதான் என்பதே சில பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. முதல் பீரியட் முழுக்க அந்தச் சட்டம் என்ன செய்யச் சொன்னது என்பது மட்டும்: பெயர்ப் பதிவு, கைரேகை, இரவில் காவல் பார்வையில் ஆஜராவது, ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு. 1871இல் வந்தது, 1911இல் திருத்திய பிறகு சென்னை மாகாணத்திலும் விரிந்தது. இந்தப் பக்கத்துப் பிரமலைக் கள்ளரோடு நிற்காமல், குறவர் உட்பட நாடெங்கும் எத்தனையோ சமூகங்கள் மேல் பாய்ந்தது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அப்போதுதான் வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகளும் இதைத் தங்களுக்கு வெளியே உள்ள கதையாகப் பார்க்க மாட்டார்கள். கேள்வி ஒன்றே: குற்றம் செய்யாத ஒருவனை, பிறப்பை மட்டும் வைத்து, ஒரு சட்டம் எப்படிக் குற்றவாளி என்று எழுதிவைக்க முடிந்தது?

இரண்டாவது பீரியட், 1920 ஏப்ரல் 3. ரேகை வைக்க மறுத்த ஊர், போலீஸ் துப்பாக்கிச் சூடு, 16 பேர் உயிரிழப்பு. அவர்களில் மாயக்காள் ஒருவர். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார் என்று ஊர் நினைவு சொல்கிறது. "ஊர் நினைவு" என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள். அரசுப் பதிவு ஒரு வகைச் சான்று, நினைவுச் சின்னம் ஒரு வகை, வாய்மொழி ஒரு வகை. மூன்றும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்ப்பதுதான் வேலை.

தென்னாட்டு ஜாலியன்வாலாபாக் என்று சொல்வது வழக்கம். ஒப்பிடலாம், ஆனால் ஒட்டிவிடக் கூடாது. அமிர்தசரஸ் 1919 ஏப்ரல் 13. இது அடுத்த ஏப்ரலில், வருஷம் திரும்பப் பத்து நாள் இருக்கும்போது. அங்கே சுவர் சூழ்ந்த திடலில் கூட்டம், ராணுவம் சுட்டது, அரசுக் கணக்கில் 379 பேர். இங்கே ஒரு கிராமம் ஒரு சட்டத்தை மறுத்தது, போலீஸ் சுட்டது. ஒற்றுமை மூன்று, வேற்றுமை மூன்று என்று அட்டவணை போடச் சொல்லுங்கள். எண்ணிக்கையை வைத்து எது பெரியது என்ற பேச்சுக்குப் போகவிடாதீர்கள்.

செய்யக் கூடாதவை: "உங்க ஆளுக" என்று எந்தப் பிள்ளையையும் பார்த்துச் சொல்லக் கூடாது. போலீஸாகவும் ஊராராகவும் பிரித்து நடிக்கவிடக் கூடாது. சிரிப்பில் தொடங்கி மைதானத்தில் அடிதடியில் முடியும். வீரப் பெருமை மட்டும் பேசி முடிக்கவும் கூடாது, சட்டம் பின்னால் போய்விடும்.

முடிவை இன்றைய பலகையில் வையுங்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் பள்ளிப் பெயர்ப் பலகைகளில் "கள்ளர் சீரமைப்பு" என்று இருக்கிறதே, "சீரமைப்பு" என்ற சொல் அங்கே எப்படி வந்தது? யார் யாரைச் சீரமைப்பதாக நினைத்தார்கள்? பள்ளிக்கூடம் கிடைத்தது நல்லது, பெயர் சொல்லும் கதை வேறு. சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் போனது, நாடு முழுக்க 1952இல். பெரிய கயிற்றில் இந்த இரண்டு அட்டையும் இருக்கட்டும். 1947 ஆகஸ்ட் அட்டைக்குப் பக்கத்தில் அது தொங்கும்போது கேள்விகள் தானாக வரும்.

உசிலை_சமூகஅறிவியல்:

எல்லாருக்கும் நன்றி. "சீரமைப்பு" பலகை நாங்கள் தினமும் பார்ப்பது, கேட்டதே இல்லை. இரண்டு சந்தேகம். இரண்டாம் உலகப்போருக்கு வீட்டில் போய்க் கேட்டு வரச் சொல்லலாமா? பர்மா, மலேயா போன குடும்பங்கள் இங்கே உண்டு. இன்னொன்று, மெல்லக் கற்போர் பத்துப் பேர் இருக்கிறார்கள், கயிற்றில் மாட்டியது தேர்வுத்தாளில் எப்படி வரும்?

மாசிவீதி:

கேட்கலாம். ஆனால் 1942ஐ நேரில் பார்த்தவருக்கு இப்போது 90க்கு மேல் வயது இருக்கும். அதனால் "தாத்தாவைக் கேள்" என்றால் கிடைக்காது. "தாத்தாவின் அப்பா பற்றி வீட்டில் என்ன சொல்வார்கள், ஏதாவது பொருள் இருக்கிறதா" என்று கேளுங்கள். தேக்குப் பெட்டி, பழைய போட்டோ, பாஸ்போர்ட், கடிதம். பொருளைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம், தொலைந்தால் வம்பு. படம் வரைந்து வந்தால் போதும். எதுவும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மாற்று வேலை: ரேஷன் கடை. நம் நாட்டில் ரேஷன் முறை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்தது. கடையில் இன்று என்னென்ன கிடைக்கிறது என்று எழுதி, போர்க்காலத்தில் எது தட்டுப்பாடாகியிருக்கும், பர்மா அரிசி நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்கட்டும்.

வந்த கதையைக் கயிற்றில் வைத்துச் சோதியுங்கள். ரங்கூன் மேல் குண்டு விழத் தொடங்கியது 1941 டிசம்பர் 23. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. ரங்கூன் மார்ச் 8. நேதாஜி சிங்கப்பூரில் தலைமை ஏற்றது 1943 ஜூலை. "1942இல் நேதாஜி கூப்பிட்டுச் சேர்ந்தார்" என்று வீட்டில் சொன்னால் பொய் என்று தள்ளாதீர்கள். மோகன் சிங் தலைமையில் முதல் இந்திய தேசிய ராணுவம் 1942இலேயே இருந்தது. இரண்டும் நினைவில் கலந்திருக்கலாம்.

கருப்புப்பலகை:

தேர்வுக்கு: அட்டையின் பின்பக்கம் எழுதிய ஒரு வரிதான் விடையின் எலும்பு. ஐந்து அட்டையை வரிசையாகக் கழற்றி மேஜையில் வைத்து, ஒவ்வொன்றையும் "அதனால்", "ஆனால்", "இதற்கிடையே" என்ற சொல்லில் ஒன்றைப் போட்டு அடுத்ததோடு கோக்கச் சொல்லுங்கள். ஐந்து வாக்கியம் வந்தால் விடை வந்துவிட்டது. மெல்லக் கற்போருக்கு மூன்று அட்டை போதும். அவர்களுக்கு முன்பக்கம் வருஷத்தை மறைத்து ஒட்டிவிட்டு, வரிசையை மட்டும் அடுக்கச் சொல்லுங்கள். வரிசை வந்தால் காலக்கோட்டுக் கேள்வியில் வருஷம் ஒன்றிரண்டு தப்பினாலும் மீதி நிற்கும்.

நாட்டு எல்லை காட்டும் வரைபடம் (மேப்) பற்றி யாரும் சொல்லவில்லை. 1914 ஐரோப்பாவைச் சார்ட்டில் கருப்பில் வரைந்து, மேலே டிரேஸிங் பேப்பர் வைத்து 1919க்குப் பிந்தைய எல்லையைச் சிவப்பில் போடுங்கள். பேப்பரைத் தூக்கி மூடினால் ஆஸ்திரியா-ஹங்கேரி காணாமல் போவதும், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, யூகோஸ்லாவியா முளைப்பதும் தெரியும். வரைபடக் கேள்வியில் இன்றைய குட்டி ஆஸ்திரியாவை மட்டும் நிழலிட்டு மதிப்பெண் போவது இதைச் செய்யாததால்தான். மூலைகளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், இரண்டாம் தடவை தூக்கும்போது கிழியும். மேல் ஓரத்தில் மட்டும் ஒரு ரீப்பர் குச்சி வைத்துக் கிளிப் போடுங்கள்.

உசிலை_சமூகஅறிவியல்:

திங்கள்கிழமை கயிறு கட்டுகிறேன். எம்டன் அட்டை வராண்டாத் தூணில் மழை சாரலில் நனையுமே?

கருப்புப்பலகை:

பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதற்குள் போட்டு, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படிக் கட்டுங்கள்.